சிக்கிய தோட்டா

திருக்குறளில் துப்பாக்கி உண்டா என்று மாணவர்கள் ஆண்டு தவறாமல் கேட்பார்கள். உண்டு என்று சொல்லி வான்சிறப்பு அதிகாரத்தின் இரண்டாம் குறளை எடுத்துக் காட்டினால் வகுப்பே சிரிக்கும். அங்கே வருவது 'துப்பு ஆக்கி'. உண்பவர்க்கு உணவை உண்டாக்கி என்பது பொருள். துப்பு என்றால் உணவு. கையில் ஏந்தும் துப்பாக்கியோ துருக்கிய மூலத்திலிருந்து பல மொழிகளின் வாசல்களைக் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்த சொல். அதற்குள் போகும் தோட்டாவும் அவ்வாறே வடக்கிருந்து வந்தது. பீரங்கி என்ற சொல்லில் பரங்கி ஒளிந்திருப்பதையும் சொல்லாராய்ச்சியாளர்கள் காட்டுவார்கள். ஆக, குறளுக்கும் வெடிமருந்துக்கும் உறவில்லை. ஆனாலும் இந்த ஒலி ஒற்றுமையில் தற்செயலாக ஓர் உண்மை அகப்பட்டுக்கொண்டிருக்கிறது. துப்பாக்கிக்கும் உணவு ஊட்டியாக வேண்டும். தோட்டாவைக் குழலுக்குள் செலுத்தும் செயலை ஆங்கிலேயர்கள் 'ஊட்டுதல்' என்று பொருள்படும் சொல்லாலேயே குறிக்கிறார்கள். ஊட்டும் கவளம் வழிமாறினால் குழந்தைக்குப் புரையேறுவதைப் போலத் துப்பாக்கிக்கும் புரையேறும்.

அந்தப் புரையேற்றத்தின் வரலாற்றைத்தான் நாம் இங்கே பார்க்கப்போகிறோம். எல்லாத் துப்பாக்கிகளையும் அல்ல. விசைக்குக் கீழே விரல் நுழையும் வளையமாக ஒரு நெம்புகோல் தொங்கும் வகையை மட்டும். லீவர் என்றால் எல்லார்க்கும் எளிதில் விளங்கும். அந்த லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெடித்த தோட்டாவின் காலிக்கூடு வெளியே தெறித்து, துப்பாக்கி அடுத்த வெடிக்கு ஆயத்தமாகும். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையேறிய 'கங்கா' போன்ற படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த மேற்கத்திய உலகம் அறிமுகமானதே. கோடம்பாக்கத்துக் கௌபாய்கள் யாருடைய துப்பாக்கியும் நடுச்சண்டையில் சிக்கிக்கொண்டதாக நமக்கு நினைவில்லை. வரலாற்றில் அப்படியில்லை.

*

லீவர் துப்பாக்கியின் புரையேற்றம் அரசியலாக மாறிய இடம் சூடான். பிரிட்டிஷ் படை 1871-இல் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி லீவரால் இயங்குவது. ஆனால் அதற்குள் தோட்டாப் பெட்டி எதுவும் கிடையாது. லீவரைக் கீழே தள்ளினால் குழலின் பின்வாயை மூடியிருக்கும் இரும்புக்கட்டை தாழும். காலிக்கூடு வெளியே வரும். சிப்பாய் தன் கையால் அடுத்த தோட்டாவை வைத்து லீவரை மேலே இழுக்கவேண்டும். எளிய பொறி, உறுதியான பொறி. குறை பொறியில் இல்லை. அதன் தோட்டா மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த கூடு. அடியில் இரும்பு வட்டம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இங்கிலாந்தின் குளிரில், துடைத்த குழலில், அது ஒழுங்காகவே நடந்துகொண்டது. பாலைவன வெயிலில் தொடர்ந்து சுட்டுக் குழல் சூடேறியதும் அந்தத் தகடு அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டது. லீவரைத் தள்ளினால் காலிக்கூட்டை இழுக்கவேண்டிய கொக்கி இரும்பு வட்டத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்தது; சுருள்தகடு உள்ளேயே தங்கியது. அதற்கு மேல் புதிய தோட்டாவை எப்படி வைப்பது?

1885 ஜனவரி 17 அன்று அபூ கிளியா என்ற இடத்தில் இது நடந்தது. கார்ட்டூம் நகரில் முற்றுகைக்குள் இருந்த கார்டனை மீட்கச் சென்ற படை சதுரவியூகம் அமைத்து நின்றது. மஹ்தியின் வீரர்கள் அந்தச் சதுரத்தின் ஒரு மூலையை உடைத்து உள்ளே புகுந்தார்கள். சிப்பாய்களின் மார்ட்டினிகள் பல சிக்கிக்கொண்டன. கடற்படையினர் கொண்டுவந்த கார்ட்னர் பொறித்துப்பாக்கியும் சில பத்து வெடிகளுக்குப் பிறகு நின்றுவிட்டது. (ஹென்றி நியூபோல்ட் இந்த நிகழ்ச்சியை வைத்து எழுதிய புகழ்பெற்ற பள்ளிக்கூடக் கவிதையில் கார்ட்னரைக் கேட்லிங் ஆக்கிவிட்டார். கவிஞர்களுக்கு யாப்பு முக்கியம். எந்தப் பொறி நின்றது என்பது படைக்கலச் சாலைக்காரன் கவலை.) சண்டை கால்மணி நேரத்துக்குள் முடிந்தது. படை பிழைத்தது. ஆனால் சிக்கிய துப்பாக்கிகளும் வளைந்துபோன பயனெட்டுகளும் லண்டன் பத்திரிகைகளில் நெடுநாள் பேசப்பட்டன.

முதலில் எழுந்த விளக்கம், சிப்பாய் பதற்றத்தில் லீவரை முழுதாகத் தள்ளவில்லை, துப்பாக்கியில் மணல் புக விட்டுவிட்டான் என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு என்றாலும், பொறி நின்றுபோகும்போது கையைக் குறை சொல்வது எக்காலத்திலும் எளிது. படைக்கலத்துறை கடைசியில் செய்த திருத்தங்களைப் பார்த்தால் நோய் எங்கே என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது புலனாகும். ஒன்று, சுருள்தகட்டுக் கூட்டைக் கைவிட்டு ஒரே பித்தளையிலிருந்து இழுத்து வார்த்த கூட்டுக்கு மாறினார்கள். இன்னொன்று, துப்பாக்கியின் நான்காம் வடிவத்தில் லீவரை நீளமாக்கினார்கள். நெம்புகோல் நீண்டால் இழுக்கும் வலிமை கூடும் என்பது ஆர்க்கிமிடீஸ் காலத்துப் பாடம். மருத்துவம் தோட்டாவுக்கும் லீவருக்கும்தான் நடந்தது, சிப்பாயின் கைக்கு அன்று.

அதே சூடான் போரில், அதே 1885-இன் மார்ச் 22 அன்று டோஃப்ரெக் என்ற இடத்தில் நம்மவர்களும் இருந்தார்கள். மதராஸ் சாப்பர்கள் அங்கே போரிட்டு அந்தப் பெயரைத் தங்கள் போர்ச்சிறப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். இங்கிருந்துதான் கதை சென்னைக்குத் திரும்புகிறது. 1857-க்குப் பிறகு இந்தியப் படைப்பிரிவுகளுக்கு எந்தத் துப்பாக்கி தருவது என்பதில் பேரரசுக்கு ஒரு கொள்கை இருந்தது: வெள்ளைச் சிப்பாயின் கையில் இருப்பதைவிட ஒரு தலைமுறை பழையது. அவனிடம் மார்ட்டினி வந்தபோது இவனுக்குப் பழைய ஸ்னைடர். அவன் லீ-மெட்ஃபோர்டுக்கு மாறியபோது அவன் விட்ட மார்ட்டினி இவனுக்கு. 1857-இல் மதராஸ் படை பெரும்பாலும் அசையாமல் நின்றது. அதற்காக அதற்கு விதிவிலக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தென்னாட்டில் 1806-இல் வேலூர்ச் சிப்பாய்களைத் தலைப்பாகை கிளப்பியது. வடநாட்டில் 1857-இல் கொழுப்புத் தடவிய தோட்டா கிளப்பியது. தோட்டா என்ற சின்னஞ்சிறு பொருளைப் பேரரசு அதன்பிறகு ஒருநாளும் சின்னதாக நினைக்கவில்லை.

*

படைக்கு வெளியே இருந்த மக்களுக்கான ஏற்பாடு 1878-இன் ஆயுதச் சட்டம். லிட்டன் பிரபு காலத்தில், அதே ஆண்டில், நாட்டுமொழிப் பத்திரிகைகளின் வாயை அடைக்கும் அச்சுச் சட்டமும் வந்தது. பேனாவுக்கும் துப்பாக்கிக்கும் ஒரே ஆண்டில் பூட்டு. (சென்னையில் 'தி ஹிந்து' தொடங்கப்பட்டதும் அந்த 1878-இல்தான்.) பேனாவின் பூட்டை ரிப்பன் காலத்தில் திறந்துவிட்டார்கள். துப்பாக்கியின் பூட்டு அப்படியே நின்றது. சட்டத்தின் கசப்பு உரிமம் வாங்கவேண்டும் என்பதில் இல்லை; வெள்ளையரும் ஆங்கிலோ-இந்தியரும் அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்குப் பெற்றிருந்தார்கள் என்பதில் இருந்தது. பக்கத்துக் குடகு நாட்டாருக்கும் விலக்கு உண்டு. அது வேறு வரலாறு, இன்றுவரை தொடர்வது.

1887 டிசம்பர் இறுதியில் காங்கிரசின் மூன்றாம் மாநாடு சென்னையில் கூடியது. ஆயிரம்விளக்குப் பகுதியில், மக்கீஸ் தோட்டம் என்று மக்கள் வாயில் திரிந்த மெக்கே தோட்டத்தில் பந்தல் போட்டார்கள். பத்ருத்தீன் தயாப்ஜி தலைவர். வரவேற்புக் குழுவின் தலைவர் முன்னாள் திவான் சர் டி. மாதவராவ், ஓய்வுக்காலத்தை மயிலாப்பூரில் கழித்தவர். வந்த பிரதிநிதிகள் 607 பேர். மயிலாப்பூருக்கும் காங்கிரசுக்கும் உள்ள தொடர்பு அதற்கும் மூத்தது என்று அன்னி பெசன்ட் எழுதியிருக்கிறார்: அடையாற்றில் பிரம்மஞான சபையின் 1884 மாநாடு முடிந்த கையோடு மயிலாப்பூரில் ரகுநாதராவ் வீட்டில் பதினேழு பேர் கூடிப் பேசியதே விதை என்பது அவர் கூற்று. இதை வரலாற்றாசிரியர்கள் எல்லாரும் ஒப்புவதில்லை. நாமும் மயிலாப்பூர்ப் பெருமைக்காக அதை வலியுறுத்தப்போவதில்லை.

அந்த மாநாட்டுக்கு முன் 'தி ஹிந்து'வின் நிறுவனர்களில் ஒருவரான வீரராகவாச்சாரியார் காங்கிரஸ் என்றால் என்ன என்பதை வினாவிடையாகத் தமிழில் எழுதி முப்பதாயிரம் படிகள் பரவச் செய்தார். தமிழ் உரைநடை வரலாற்றை எழுதுகிறவர்கள் நாவல்களையே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட சிறு நூல்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை என்பது நம் பழைய குறை. மாநாட்டில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த மூக்கணாச்சாரி என்ற கைவினைஞர் தமிழிலேயே பேசினார். தொழிற்கல்வி வேண்டும் என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. ஆயுதச் சட்டத்தைத் திருத்தவேண்டும் என்ற தீர்மானமும் நிறைவேறியது.

இரண்டாவதைப் பற்றி இளைஞரான விபின் சந்திர பாலர் கடுமையாகப் பேசினார். இன வேறுபாடு காட்டும் சட்டம் என்பது அவர் வாதம். தீர்மானத்தின் வாசகம் இன்று படிக்கும்போதும் கூர்மையாக இருக்கிறது. இச்சட்டம் மக்கள்மேல் தகாத களங்கத்தைச் சுமத்துகிறது என்றது. யாரும் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்பதே விதியாக இருக்கவேண்டும், மறுப்பதாயின் அதற்குரிய காரணத்தை அரசு எழுத்தில் பதிந்து வெளியிடவேண்டும் என்றது. துப்பாக்கிமீது காதல் கொண்டவர்கள் எழுதிய வாசகம் இல்லை இது. காரணம் சொல்லாமல் ஒரு மக்களை நம்பாதே என்று கேட்ட வாசகம். அரசு அசையவில்லை. 1878-இன் சட்டம் விடுதலைக்குப் பிறகும் நெடுநாள் வாழ்ந்து, 1959-இன் சட்டம் வந்தபிறகே ஓய்ந்தது.

*

மெக்கே தோட்டத்திலிருந்து சற்று நடந்தால் மவுண்ட் ரோடு. அங்கே 1849 முதல் வணிகம் செய்துவந்த பி. ஆர் அண்டு சன்ஸ் கடையைச் சென்னைவாசிகள் கடிகாரத்துக்காகவும் வெள்ளிப் பாத்திரத்துக்காகவும் அறிவார்கள். சிஸம் என்ற கட்டடக் கலைஞர் அதற்கு எழுப்பிய மாளிகையையும் அறிவார்கள். அந்தக் கடை வேட்டைத் துப்பாக்கிகளும் விற்றது. 'மதராஸ், ரங்கூன்' என்று கடையின் பெயர் பொறித்த குழல்கள் உலகின் ஏலக்கூடங்களில் இன்றும் தலைகாட்டுகின்றன. கடிகாரக்காரர் துப்பாக்கி விற்பதில் ஒரு பொருத்தம் உண்டு. ஏனெனில் தோட்டாப் பெட்டியுடன் வந்த லீவர் துப்பாக்கி, உண்மையில் ஒரு கடிகாரம்தான். அதன் நோய்கள் எல்லாம் நேரம் தவறும் நோய்கள்.

அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் 1866-இலும் 1873-இலும் வெளியிட்ட துப்பாக்கிகளை எடுத்துக்கொள்வோம். வெடிகுழலுக்குக் கீழே இன்னொரு குழாய். அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்னாலிருந்து ஒரு வில்கம்பி அவற்றைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். பின்னால் ஒரு சிறு ஏற்றம். நம் வயற்கிணற்று ஏற்றம்போல் அது கீழே வந்து ஒரு தோட்டாவை ஏற்றுக்கொண்டு மேலே வெடிகுழலின் வாய்க்கு நேரே தூக்கிப் பிடிக்கும். லீவரின் ஒரே அசைவில் நான்கு செயல்கள் முறைப்படி நடந்தாகவேண்டும்: பழைய கூடு வெளியேற வேண்டும், புதியது குழாயிலிருந்து ஏற்றத்துக்கு வரவேண்டும், ஏற்றம் உயரவேண்டும், போல்ட் அதைப் பிடித்து அறைக்குள் தள்ளவேண்டும். ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் பொறி நிற்கும்.

நின்றுவிட்டால் என்ன செய்வது? பழைய துப்பாக்கி ஆசாரிகளின் வழி, எதையும் பிடித்து இழுக்காமல், குழலைப் பத்திரமான திசையில் வைத்துக்கொண்டு, எது எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்பது. வெளியேறாத பழையதா, உள்ளே நுழையாத புதியதா என்ற ஒரு கேள்வியிலேயே நோய் பாதி பிடிபடும். பழையது வெளியேறவில்லை என்றால் கொக்கி தேய்ந்திருக்கும் அல்லது அறை அழுக்கேறியோ துருப்பிடித்தோ இருக்கும். லீவரை அரைகுறையாகத் தள்ளியிருந்தாலும் காலிக்கூடு பாதி வழியில் நின்று புதியதோடு மோதும். புதியது ஏற்றத்துக்கே வரவில்லை என்றால் குழாயின் வில்கம்பி தளர்ந்திருக்கிறது, அல்லது மெல்லிய குழாய் எங்கோ நசுங்கியிருக்கிறது. வந்தும் ஏற்றம் உயராமல் லீவர் கல்லாகிவிட்டால் தோட்டாவின் நீளத்தை அளந்து பார்க்கவேண்டும். 1873-இன் அமைப்பில் முதல் தோட்டாவின் நீளமே அடுத்த தோட்டாவுக்கு வேலி. அது உரிய அளவைவிடக் குட்டையாக இருந்தால், பின்னால் வரும் தோட்டாவின் அடிப்பகுதி ஏற்றத்துக்குள் சிறிது நுழைந்துவிடும். பாதி ஏற்றத்தில், பாதி குழாயில் என்று அது கிடக்கும்போது ஏற்றம் எப்படி உயரும்? எல்லாத் தோட்டாவும் அளவாயிருந்தும் இந்நோய் வந்தால் ஏற்றமோ அதை இயக்கும் உறுப்போ தேய்ந்துவிட்டது. இனி ஆசாரியின் அரத்துக்குத்தான் வேலை. இவற்றைச் சோதிக்க மருந்தில்லாத போலித் தோட்டாக்களைப் போட்டு லீவரை மெல்ல இயக்கிப் பார்ப்பார்கள். உண்மைத் தோட்டாவை வைத்துச் சோதிப்பது மடமை.

குழாய்க்கு இன்னொரு வரம்பும் இருந்தது. அதில் ஒரு தோட்டாவின் முனை அதற்கு முன்னால் கிடப்பதன் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெடியூட்டும் பொட்டு இருப்பதும் அந்த அடியின் நடுவிலேயே. கூர்முனைக் குண்டுகள் வழக்கத்துக்கு வந்தபோது, அதிர்ச்சியில் ஒன்று மற்றொன்றைக் குத்திக் குழாய்க்குள்ளேயே வெடிக்கும் ஆபத்து எழுந்தது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து வின்செஸ்டர் வெளியிட்ட 1895-இன் துப்பாக்கி, லீவரை வைத்துக்கொண்டே குழாயைக் கைவிட்டது. விசைக்கு முன்னால், அடியில், ஒன்றன்மேல் ஒன்றாகத் தோட்டாக்களை அடுக்கும் பெட்டி அதில் இருந்தது. முதல் உலகப் போரில் ருஷ்யப் பேரரசு இதை ஏறத்தாழ மூன்று இலட்சம் வாங்கியது.

இந்தப் பிரௌனிங் தமிழர்களுக்கு இன்னொரு வழியிலும் அறிமுகமானவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால்; அதுவும் இதே மனிதரின் வடிவமைப்பு. சுடப் பயிற்றுவித்தவர் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதிய வ.வே.சு. ஐயர். பயிற்சி நடந்த இடம் பிரெஞ்சுப் புதுச்சேரி. 1878-இன் சட்டம் அந்த எல்லைக்கு இப்பால் நின்றுவிட்டதை நாம் மறக்கலாகாது. சிறுகதையின் முன்னோடி ஒருவர் குறிபார்க்கக் கற்பித்தது, எழுத்துக்குப் பூட்டு இல்லாத ஊரில். ஆயுதத்துக்கும் அதே பூட்டு இல்லாத ஊரில்.

*

1895-இன் துப்பாக்கிக்கு இந்தியாவில் ஓர் இடம் கிடைத்ததற்குக் காரணம், அதன் தரத்தைவிட ஒரு தடையாணை. மார்ட்டினி-ஹென்றியின் தோட்டா .450 காலிபர். பழைய மார்ட்டினிகள் எல்லைப்புறத்திலும் பிற இடங்களிலும் கிளர்ச்சிக்காரர் கைகளுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. துப்பாக்கியைத் திரும்பப் பிடுங்க முடியாது. அதற்கான உணவை நிறுத்தலாம். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் .450 காலிபர் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இறக்குமதி செய்யத் தடை விதித்தார்கள். எந்த நாடுகளுக்கு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்: இந்தியாவும் சூடானும். அபூ கிளியாவில் சிக்கிய அதே தோட்டாவுக்குப் பேரரசு கடைசியாகப் போட்ட பூட்டு இது. வேட்டைக்காரர்களின் பெரிய துப்பாக்கிகளும் பெரும்பாலும் அதே .450 என்பதால், லண்டன் கைவினைஞர்கள் .465, .470 என்று பக்கத்து எண்களை நாடி ஓடினார்கள். படைக்குரிய .303-உம் பொதுமக்களுக்கு விலக்கு. இந்த எண்களின் வேலியில் 1904-இல் அறிமுகமான .405 வின்செஸ்டர் தோட்டா எந்தத் தடையிலும் அகப்படவில்லை. விலையும் லண்டன் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஒப்பிடக் குறைவு. அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறங்கிய கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு இதைக் கொண்டுபோனது நல்ல விளம்பரமாயிற்று.

தென்னிந்தியக் காட்டு இலக்கியம் படித்தவர்களுக்கு .405 வின்செஸ்டர் என்றதும் கென்னத் ஆண்டர்சன் நினைவுக்கு வருவார். பெங்களூர்க்காரர், 1910-இல் பிறந்து 1974-இல் மறைந்தவர். 1954-இல் வெளிவந்த அவருடைய முதல் நூலில் ஜவளகிரியும் சீகூரும் கதைக்களங்கள். இரண்டும் இன்றைய தமிழ்நாட்டு நிலங்கள். ஜிம் கார்பெட்டின் நடை நாகரிகமானது. ஆண்டர்சனின் நடையில் புழுதி இருக்கும், மிகையும் இருக்கும். நமக்கு இவரையே பிடிக்கும். கார்பெட் வாசகர்கள் சண்டைக்கு வந்தால் பதில் சொல்லத் தயார். அவர் நூல்கள் நெடுகிலும் அந்த .405 கூடவே வருகிறது. புலிக்கும் மனிதனுக்கும் நடுவே முதல் வெடிக்கும் இரண்டாம் வெடிக்கும் இடைப்பட்ட அந்த ஒரு கணம், ஒரு லீவரின் ஏற்ற இறக்கம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் அக்கதைகளின் அச்சம் இன்னும் கூடும்.

அந்தக் கணத்தில் எது தவறக்கூடும்? .405 விளிம்புள்ள தோட்டா. அடிவட்டம் கூட்டைவிடச் சற்று அகன்று வெளியே துருத்திக்கொண்டிருக்கும். குழாயில் வரிசையாகப் படுக்கும்போது இவ்விளிம்பால் தொல்லை இல்லை. பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேலுள்ளதன் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்கவேண்டும். மாறி, பின்னால் விழுந்துவிட்டால், போல்ட் மேல்தோட்டாவை முன்னே தள்ளும்போது அதன் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்பில் மாட்டி இரண்டும் ஒன்றாக நகரப் பார்க்கும், லீவர் நின்றுவிடும். இது நிரப்பும்போதே செய்யப்பட்ட பிழை. மரத்தின்மேல் பரணில் உட்கார்ந்து நள்ளிரவில் திருத்த முடியாத பிழை. பெட்டிகொண்ட லீ-என்ஃபீல்டிலும் .303-இன் விளிம்பு இதே குறும்பைச் செய்யும். சிப்பாய்களுக்குத் தோட்டா அடுக்கும் முறையையே ஒரு பாடமாக நடத்தியதற்குக் காரணம் இதுதான். இன்னொன்று, 1895-இன் லீவர் மிக அகலமாகத் திறக்கும். பரணின் கழியிலோ முழங்காலிலோ தட்டி அது முழுதாக இறங்காவிட்டால் பழைய அரைத்தள்ளல் நோய் திரும்ப வந்துவிடும்.

இவற்றோடு நம் தட்பவெப்பம். அக்கால வெடியூட்டும் பொட்டுகளில் குளோரேட் உப்பு இருந்தது. வெடித்தபின் குழலில் படியும் அதன் எச்சம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ கடற்காற்று படும் வீட்டில் சுட்ட துப்பாக்கியை அப்படியே ஓர் இரவு வைத்தால் போதும். எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது. கொதிநீரை ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பிறகே எண்ணெய் இடவேண்டும். துருப்பிடித்த அறையில் காலிக்கூடு ஒட்டிக்கொள்ளும். கோடை வெயிலில் மருந்தின் அழுத்தமும் கூடிப் பித்தளையை அறைச்சுவரோடு இறுக்கும். இதற்காகவே லண்டன்காரர்கள் வெப்ப நாடுகளுக்கென்று மருந்து குறைத்த தோட்டாக்களைத் தனியே செய்து விற்றார்கள். சுருள்தகடு போய்விட்டாலும் அபூ கிளியாவின் வெயில் போகவில்லை.

ஆண்டர்சனின் காட்டுத்தோழர் பைரா, பூசாரி இனத்தவர், காட்டை அவரைவிட நன்கு அறிந்தவர். அவரிடம் இருந்ததோ வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. அதில் தோட்டா சிக்காது. சிக்கத் தோட்டாவே கிடையாது. ஒரு வெடி, பிறகு நின்ற இடத்தில் மறுபடியும் மருந்து இடித்தல். ஆண்டர்சன் நூல்களில் பைராவின் திறமை அன்போடு சொல்லப்படுகிறது. ஆனால் இரண்டு பேர் கைகளிலும் ஏன் வெவ்வேறு நூற்றாண்டுகள் இருந்தன என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. மெக்கே தோட்டத்துப் பந்தலில் 1887-இல் எழுந்தது அந்தக் கேள்வி.

*

1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. 1959-இன் ஆயுதச் சட்டத்தில் இன விலக்கு இல்லை. சென்னையில் மாநகரக் காவல் ஆணையரும் மாவட்டங்களில் ஆட்சியரும் உரிமம் தருகிறார்கள். பயிர்ப் பாதுகாப்புக்காக உழவர் கேட்கும் வாய்வழித் துப்பாக்கியை அந்தச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது; பைராவின் துப்பாக்கி சட்டப் புத்தகத்தில் இடம்பிடித்துவிட்டது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்று என்றிருந்ததை 2019-இன் திருத்தம் இரண்டாக்கியது. உரிமத்தில் துப்பாக்கியோடு தோட்டாவின் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்கும்: ஒரே நேரத்தில் இத்தனை, ஓர் ஆண்டுக்கு இத்தனை என்று. எண்ணித் தரப்படும் உணவை வைத்துக்கொண்டு துப்பாக்கி ஒழுங்காக விழுங்குகிறதா என்று யார் சுட்டுப் பழகிப் பார்ப்பார்கள்? தாத்தா விட்டுச்சென்ற துப்பாக்கிகள் பல, தேர்தல் வரும்போது காவல்நிலையத்துக்கும் முடிந்ததும் வீட்டுக்குமாகப் பயணம் செய்வதோடு சரி.

.303 இன்றும் தடைசெய்யப்பட்ட காலிபர்தான். ஆங்கிலேயர் காலத்தில் அந்தத் தடைக்குப் பக்கத்து எண்ணாகக் கண்டுபிடித்த .315-ஐ இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகள் விடுதலைக்குப் பிறகும் தொடர்ந்து செய்துவந்தன. உரிமம் பெற்ற இந்தியரின் ரைஃபிள் என்றால் பெரும்பாலும் அதுவே. லீவர் இல்லை, போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளும் வகை. அதன் தோட்டாவுக்கும் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கிறது. பெட்டியில் அடுக்குகிறவர் இப்போதும் மேல்விளிம்பு கீழ்விளிம்புக்கு முன்னால் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.